பஸ்ஸில் போய்வரும் தூரம்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அடுத்து யார் எந்தக் கூட்டணிக்குத் தாவுவார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். சரி, பேசலாம். அதற்கு முன்னால் ஒரு கொடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஃபுட்பால் என்றால் இங்கே பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். அந்த சீசனில் சனிக்கிழமை காலை இஎஸ்பிஎன் சேனலைப் போட்டால் 'காலேஜ் கேம்டே' என்ற கல்லூரி ஃபுட்பால் நிகழ்ச்சி ஓடும். வாரம் ஒரு ஊரிலிருந்து நடத்துவார்கள். எந்த ஊராக இருந்தாலும், பேசுகிறவர்களின் தோளுக்குப் பின்னால், கூட்டத்தின் தலைக்கு மேலே, நீளமான கம்பில் ஒரு கருஞ்சிவப்புக் கொடி ஆடிக்கொண்டிருக்கும். அது வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கொடி. 2003 அக்டோபரில் அங்கே படித்த ஒருவர் நியூ மெக்ஸிகோவிலிருந்து டெக்சாஸின் ஆஸ்டின் வரை கார் ஓட்டிக்கொண்டு போய் அதைத் தூக்கிப் பிடித்தார். அன்றிலிருந்து பழைய மாணவர்கள் கைமாற்றிக் கைமாற்றி, விடாமல் பறக்கவிட்டு வருகிறார்கள். தங்கள் ஊருக்கு அந்த நிகழ்ச்சி வரவேண்டும் என்பதுதான் ஆசை. 2018இல் வந்தது. கோதுமை வயல் மேடுகளுக்கு நடுவில் இருக்கும் புல்மன் என்ற அந்தச் சின்ன ஊரே விடிவதற்கு முன்னால் கூடி நின்றது.

ஐந்தே வருடத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தைக் கூட்டாளிகள் அநேகமாக எல்லோரும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

கான்ஃபரன்ஸ் என்று அவர்கள் சொல்வது, ஆண்டுதோறும் தங்களுக்குள் மோதிக்கொள்ளச் சம்மதித்த பல்கலைக்கழகங்களின் கூட்டணி. 1915 டிசம்பரில் போர்ட்லாந்து நகரத்தில் கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன் பல்கலைக்கழகங்கள், இன்று ஓரிகன் ஸ்டேட் எனப்படும் வேளாண் கல்லூரி என நான்கு பேர் கூடி ஒன்றை ஆரம்பித்தார்கள். வாஷிங்டன் வேறு, வாஷிங்டன் ஸ்டேட் வேறு; இது 1917இல் சேர்ந்தது. ரயிலேறிப் போய் ஆடிவிட்டுத் திரும்பக்கூடிய அக்கம்பக்கத்துக்காரர்கள். அதுதான் வளர்ந்து பேக்-8 (பேக் என்றால் பசிபிக்), பேக்-10, 2011இல் பேக்-12 ஆனது.

2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் இரண்டு பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென் கூட்டணிக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் கொலராடோ கிளம்பியது. மிச்சமிருந்தவர்கள் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் ஒப்பந்தத்தைக் கையில் வைத்து யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 4, ஒரே நாளில் ஐந்து பேர் போனார்கள். ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்ற இன்னொரு கூட்டணிக்கு. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ஏசிசியில் சேர்ந்தன. ஏசிசி என்றால் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டணி. இவை இரண்டும் இருப்பதோ பசிபிக் கரையில். அப்படிச் சேர்வதற்கும் முதல் ஏழு வருடம் டிவி வருமானத்தில் முழுப்பங்கின் 30 சதவீதம் போதும் என்று ஒப்புக்கொண்டார்கள். 1915இல் கைகோத்த நால்வரில் ஓரிகன் ஸ்டேட் மட்டும் மிஞ்சியது, கூடவே வாஷிங்டன் ஸ்டேட்.

இதெல்லாம் ஏன் நடந்தது? 1984க்குப் போகவேண்டும். அதுவரை எந்த அணி எத்தனை முறை டிவியில் வரலாம் என்று கல்லூரி விளையாட்டுக்கு விதி வகுக்கும் என்சிஏஏ அமைப்புதான் அளந்து கொடுத்தது. ஓக்லஹாமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்றது. அப்புறம் அவரவர் ஆட்டத்தை அவரவர் விற்கலாம், சேர்ந்து விற்றால் விலை அதிகம். யாரோடு ஆடுவது என்பதற்காக ஏற்பட்ட கூட்டணி, யாரோடு சேர்ந்து விற்பது என்பதற்கான கூட்டணியாக மாறியது. 2022இல் பிக் டென் ஏழு வருடத்துக்குப் போட்ட டிவி ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல். அதில் இன்று 18 அணிகள் இருக்கின்றன.

ஃபுட்பால் இதைத் தாங்கும். வாரத்துக்கு ஒரே ஆட்டம், தனி விமானம். வாலிபால், சாஃப்ட்பால் பெண்களை நினைத்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூ ஜெர்ஸியின் ரட்கர்ஸ் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். கடிகாரம் மூன்று மணி நேரம் முன்னால் ஓடும். ஆட்டம் முடிந்து வியர்வை காயாமல் ஏர்போர்ட், மடியில் லேப்டாப், மறுநாள் காலை கெமிஸ்ட்ரி பரீட்சை. யாரோ விற்ற ஃபுட்பால் ஆட்டத்துக்கு அந்தப் பெண் தன் தூக்கத்தைக் கொடுக்கிறாள். எனக்கு இதில் வருத்தம் மட்டும் இல்லை, கோபமும் உண்டு.

இனி ஆரூடம். 2030ஐ ஒட்டிப் பாருங்கள். பிக் டென், பிக் 12 இரண்டின் டிவி ஒப்பந்தங்களும் அப்போது முடிகின்றன. ஏசிசியை விட்டு வெளியேறக் கட்டவேண்டிய தொகையும் 2025இல் எட்டிய சமரசத்தின்படி வருடா வருடம் குறைந்து, 2030-31இல் 7.5 கோடி டாலராக நிற்கும். அந்தச் சமரசத்துக்கு முன் கோர்ட்டுக்குப் போனவர்கள் ஏசிசி உறுப்பினர்களான ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும். முதலில் வேறு கூட்டணியின் கதவைத் தட்டப்போவதும் அவர்கள்தான் என்று நினைக்கிறேன். வடக்கு கரோலினா அடுத்து. ஃபுட்பாலில் எந்தக் கூட்டணியிலும் சேராத நோட்ர டேம் பல்கலைக்கழகம் கடைசிவரை தனியாகவே நிற்கும் என்பது என் கணக்கு.

ஆனால் நான் எதிர்பார்க்கும் பெரிய மாற்றம் வேறு. ஃபுட்பாலை மட்டும் தனியாகக் கழற்றி, நாடு தழுவிய லீக்காக ஓடவிட்டு, மற்ற விளையாட்டுகளை ஊர்ப்பக்கத்துக்கே திருப்பிக் கொண்டுவரவேண்டும். வரும் என்றும் நம்புகிறேன். முடியாத காரியம் இல்லை. நோட்ர டேம் ஃபுட்பாலில் தனி, கூடைப்பந்தில் ஏசிசி, ஐஸ் ஹாக்கியில் பிக் டென். ஒரே பல்கலைக்கழகம், மூன்று ஏற்பாடு, பல வருடமாக நடக்கிறது. இன்னொரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. வீரர்கள் போட்ட வழக்கில் 2025 ஜூனில் வந்த வேறொரு சமரசத்துக்குப் பிறகு, ஒரு பல்கலைக்கழகம் வீரர்களுக்கே நேரடியாகப் பணம் தரலாம்; 2025-26இல் அதன் உச்சவரம்பு 2.05 கோடி டாலர். அந்தப் பணத்தைத் தேடுகிற கணக்காளர், நீச்சல் அணியின் விமான டிக்கெட்டில்தான் முதலில் கை வைப்பார். பஸ் மலிவு.

மிஞ்சிய இருவரும் சும்மா இருக்கவில்லை. நீதிமன்றம் போய்ப் பேக்-12 நிர்வாகத்தைத் தங்கள் கையில் எடுத்தார்கள். 2024இல் இருவர் மட்டுமே உள்ள கூட்டணியாக நின்று ஆடினார்கள். பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சாஸ் ஸ்டேட் ஆகியவற்றோடு, ஃபுட்பால் அணியே இல்லாத கொன்சாகாவையும் சேர்த்து, 2026 ஜூலை முதல் புதிய பேக்-12. கொன்சாகா இருக்கும் ஸ்போகேனிலிருந்து புல்மனுக்குப் பஸ்ஸில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான்.

ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் திரும்ப வருமா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். ஃபுட்பாலுக்கு வராது ஐயா. சாஃப்ட்பாலுக்கு வரும் என்றுதான் நினைக்கிறேன்.