சாயத் தண்ணீரும் நனோத் துணிக்கைகளும்

வணக்கம் நேயர்களே.

புதுச் சாரத்தை முதல் தடவை தோய்க்கும்போது வாளித் தண்ணீர் நிறம் மாறுமே, அதை எங்கே ஊற்றுகிறீர்கள்? வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் குளியலறை வடிகாலில்தான். ஒரு வாளி பெரிதில்லை. துணிக்குச் சாயமிடும் ஆலையில் அதுவே ஆயிரக்கணக்கான லீற்றர். வெயிலுக்கும் சவர்க்காரத்துக்கும் தாக்குப்பிடிக்கத்தானே சாயத்தைச் செய்கிறார்கள்? அதே பிடிவாதத்தால் கழிவுநீரிலுள்ள நுண்ணுயிர்களாலும் அதை இலகுவில் சிதைக்க முடிவதில்லை.

சிரட்டைக்கரி சாயத்தை உறிஞ்சும். மலிவு, நம் நாட்டிலேயே கிடைக்கிறது. பல இடங்களுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். ஆனால் கரி பிடித்து வைக்குமே தவிர அழிக்காது. அழிக்க வேண்டுமென்றால் டைட்டேனியம் டையொக்சைட்டு இருக்கிறது. வெள்ளைப் பெயின்ற்றில் சேர்ப்பார்களே, அதேதான். அதற்கு மூலமான இல்மனைட்டு புல்மோட்டை மணலில் கிடக்கிறது. இந்தத் தூளில் புறஊதா ஒளி பட்டால், தண்ணீரிலிருந்து மூலிகங்கள் எனப்படும், கிட்டவுள்ளதை உடனே தாக்கும் மிக வீரியமான மூலக்கூற்றுத் துண்டுகள் உண்டாகிச் சாய மூலக்கூறைத் துண்டு துண்டாக உடைக்கும். சூரிய ஒளியில் புறஊதாப் பங்கு சுமார் 5 வீதம்தான் என்பதுதான் இடைஞ்சல்.

சரி, இந்தத் தூளை ஏன் நனோ அளவுத் துணிக்கைகளாக்க வேண்டும்? 1 சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனக்கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே 1 நனோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, பக்கமுள்ள கட்டிகளாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீற்றர். கொழும்புக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 237 பேர்ச்சஸ் காணி! வேலை நடப்பது மேற்பரப்பில்தானே.

ஆனால் இவ்வளவு சின்னதை எப்படித் திரும்ப எடுப்பது? விட்டுவிட்டால் அதுவும் கால்வாய் வழியே கடலுக்குத்தான் போகும். ஒரு வழி, காந்தம் இழுக்கும் இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகள். நீரிலுள்ள ஈயம் போன்ற உலோகங்கள் அவற்றின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஆய்வுகூடத்தில் ஈயம் கலந்த நீரில் அந்தக் கறுப்புத் தூளைப் போட்டுக் குலுக்கினோம். மை கரைத்தது போலிருந்தது. போத்தலுக்கு வெளியே ஒரு காந்தத்தைப் பிடித்தேன். தூள் மெல்ல நகர்ந்து ஒரு பக்கச் சுவரில் அப்பிக்கொண்டது, தண்ணீர் தெளிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மாணவி கைதட்டினாள்.

அப்புறம் கேட்டாள்: "சேர், இனி இந்தத் தூளை என்ன செய்யிறது?" அமிலத்தில் கழுவினால் தூளைச் சில தடவை மீண்டும் பயன்படுத்தலாம். ஈயம் அமிலத்துக்கு மாறும், அவ்வளவுதான். அந்த அமிலப் போத்தல் பெயர் ஒட்டப்பட்டு இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. சிங்கில் ஊற்ற மனம் வரவில்லை.