எதுவரைக்கும், கர்த்தாவே?

அன்பானவர்களே, நம்முடைய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் உங்களை வாழ்த்துகிறேன்.

இழப்பு, வியாதி, மாதக்கணக்கில் வேலையின்மை, வீட்டுக்குள் ஓயாத சண்டை என்று பாரத்தோடு வந்திருப்பவர்களை, "விசுவாசமாயிருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமில்லை. எப்படி என்றும் சொல்ல வேண்டும். அதற்கு 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் ஆறே வசனங்கள்.

முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறான் தாவீது. நான்கில் இரண்டு தேவனைப் பற்றியவை: மறந்தீர், முகத்தை மறைத்தீர். ஒன்று தன் இருதயத்தின் சஞ்சலம். ஒன்று சத்துரு. அதன்பின் இரண்டு வசனங்களில் விண்ணப்பம்: என்னைப் பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். ஐந்தாம் வசனத்துக்கு வந்த பிறகுதான் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்கிறான்.

நம்மில் அநேகர் தடுமாறுவது இந்த வரிசையில்தான். நான்கு வசனங்களைத் தாண்டி நேரே ஐந்தாவதற்குப் போய்விடுகிறோம். வாய் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்கிறது. நெஞ்சு அடைத்தபடியே கிடக்கிறது. சில வாரங்களில் முழங்கால்படியிடவே மனம் வராது. ஸ்தோத்திரம் நல்லது. சொல்லாமல் அடக்கிய முறையீட்டுக்கு அதை மூடியாகப் போடும்போதுதான் ஜெபம் கசந்துபோகிறது. முறையிடுவது அவிசுவாசம் என்று பயப்படுகிறவர்கள் சிலுவையைப் பாருங்கள். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22-ஆம் சங்கீதத்தின் வார்த்தையைத்தான் ஆண்டவர் அங்கே சொன்னார்.

ஆகவே தனியே உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். "கஷ்டம்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. "எதுவரைக்கும் இந்த வலியோடு நடுராத்திரியில் விழித்துக் கிடப்பேன்?" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிறகு இன்றைக்கு வேண்டிய ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். கடைசியில் ஐந்தாம் வசனத்தை, மனதில் ஒன்றும் அசையாவிட்டாலும், வாசித்துவிடுங்கள். அதுவும் வாயில் வராத நாள் உண்டு. 88-ஆம் சங்கீதத்தின் முடிவில் நம்பிக்கையின் வரி ஒன்றும் இல்லை. ஆனாலும் அது வேதத்தில்தான் இருக்கிறது.

இனி சரீரம். கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசி எலியா, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான். தூதன் அதற்குக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாந்தரம் எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லி மறுபடியும் சாப்பிடச் சொல்கிறான். ஓரேப் மலையில் தேவன் அவனோடு பேசின மெல்லிய சத்தம் அதற்கு நாற்பது நாள் கழித்து. பட்டினியும் தூக்கமின்மையுமாய்ச் சோர்ந்து கிடப்பவரிடம் உபவாசம் இரு என்று சொல்கிறவர்கள் இந்த 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை வாசிக்க வேண்டும். "செத்துவிட வேண்டும்" என்ற வார்த்தை உங்களுக்குள் எழும்பினால், அன்றே வீட்டில் ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அப்போஸ்தலனாகிய பவுலோடு இருந்த லூக்காவும் மருத்துவர்தான், "பிரியமான வைத்தியன்".

அந்தப் பவுலின் வார்த்தை ஒன்று நம் சுவர்களில் தொங்குகிறது: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் 4:13. ஜெயித்தவனுடைய முழக்கம்போல அது நம் காதில் விழுகிறது. எழுதினவன் விலங்கில் இருந்தான். முந்தின வசனம் பட்டினியையும் குறைவையும் பேசுகிறது. அவைகளைத் தாங்குவதற்கே அந்தப் பெலன். அடுத்த வசனத்தில், தன் உபத்திரவத்தில் பங்குகொண்டதற்காகப் பிலிப்பி சபையாரைப் பாராட்டுகிறான். கிறிஸ்து கொடுத்த பெலனைப் பற்றிப் பேசின அதே மூச்சில், அவர்கள் அனுப்பின எப்பாப்பிரோதீத்துவின் கையில் வந்து சேர்ந்த உதவியையும் நன்றியோடு சொல்கிறான்.

உங்களில் எப்பாப்பிரோதீத்துவாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசாமல். பிறகு அவன் பாவத்தைத் தேட ஆரம்பித்தார்கள். தேவனைக்குறித்து நிதானமாய்ப் பேசாததால் கடைசியில் தேவகோபம் அவர்கள்மேல் வந்தது. நீங்கள் போகும்போது காரணம் தேடாதீர்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். ஒரு மாதம் கழித்து, மற்றவர்கள் வருவது நின்ற பிறகு, மறுபடியும் போங்கள். அவரால் வேதத்தைத் திறக்க முடியவில்லையென்றால், பக்கத்தில் உட்கார்ந்து 13-ஆம் சங்கீதத்தை அவருக்காக வாசியுங்கள், முதல் வசனத்திலிருந்தே.