குழாயடியில் தொடங்கும் கணக்குப் பாடம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

செயல்திட்டவழிக் கற்றல், அதாவது ஒரு கேள்விக்கு விடை தேடிச் செயலில் இறங்கி அதன் வழியே பாடம் கற்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். எதைச் செயல்திட்டம் என்று நான் ஏற்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் நடத்தி, தேர்வும் வைத்து முடித்த பிறகு, "வெள்ளிக்கிழமைக்குள் எரிமலையின் மாதிரி வடிவம் ஒன்றைச் செய்துகொண்டு வாருங்கள்" என்கிறோம். வியாழக்கிழமை இரவு அம்மா அட்டையை வெட்டுகிறார், அப்பா பசை தடவுகிறார், பிள்ளை பக்கத்திலேயே தூங்கிவிடுகிறது. மறுநாள் கண்காட்சியில் அந்த எரிமலைக்கு முதல் பரிசு. எரிமலை ஏன் வெடிக்கிறது என்று கேட்டால் பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. இதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை. நாம் ஒரு பொருளைக் கேட்டோம், அது பொருளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. விடை தேட வேண்டிய கேள்வி எதையும் நாம் அதன் கையில் கொடுக்கவே இல்லை.

செயல்திட்டத்தின் உயிர் கேள்வியில்தான் இருக்கிறது. "நீர்ச் சேமிப்பு" என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள் இணையத்திலிருந்து இரண்டு பக்கம் எடுத்து எழுதி, மேலே ஒரு படம் ஒட்டுவார்கள். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நம் பள்ளியில் ஒழுகும் குழாய்களால் ஒரு மாதத்தில் எவ்வளவு தண்ணீர் வீணாகிறது? எந்தக் குழாயை முதலில் பழுதுபார்க்க வேண்டும்?" இதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. அளந்தால்தான் தெரியும். அளந்த பிறகு எடுத்துச் சொல்வதற்கு ஓர் ஆளும் இருக்கிறார், தலைமையாசிரியர்.

இந்தக் கேள்வியோடு குழாயடிக்குப் போகும் ஒரு வகுப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு குழு அளவுசாடியைக் குழாயின் கீழே பிடிக்கிறது. ஒருவர் துளிகளை எண்ண, இன்னொருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இவர்களுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி கிடைக்கிறது. அடுத்த குழுவுக்கு 14 துளிதான். உடனே சண்டை: யார் எண்ணியது தப்பு? இந்த இடத்தில் ஆசிரியர் விடை சொல்லிவிட்டால் பாடம் போயிற்று. "இரண்டு குழுவும் குழாயை மாற்றிக்கொண்டு எண்ணிப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னால் போதும். துளியின் அளவு குழாய் வாயைப் பொறுத்து மாறுகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். துளிகளை எண்ணுவதைவிடப் பத்து நிமிடம் தண்ணீரைப் பிடித்து அளப்பதே நம்பகமானது என்று யாராவது ஒருவர் சொல்வார். அந்தப் பிள்ளை அறிவியலின் வாசலைத் தாண்டிவிட்டது.

பிறகு கணக்கு வருகிறது. நொடிக்கு ஒரு துளி விழுந்தால் நாளொன்றுக்கு 86,400 துளி. 20 துளிக்கு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால் 4,320 மில்லிலிட்டர், அதாவது நான்கு லிட்டருக்கும் மேல். முப்பது நாளைக்கு ஏறத்தாழ 130 லிட்டர், அதுவும் ஒரே ஒரு குழாயிலிருந்து. ஆனால் மூன்று முறை அளந்ததில் மூன்று எண்கள் வந்திருக்கின்றனவே, எதை எழுதுவது? இந்தக் கேள்வி பிள்ளைகளின் வாயிலிருந்து வரும் நேரத்தில் ஆசிரியர் எல்லாரையும் உட்கார வைத்துக் கரும்பலகையில் சராசரி என்றால் என்ன என்று கால் மணி நேரம் நடத்த வேண்டும். பழைய முறையில், நேரடியாக, தெளிவாக. அந்தக் கால் மணி நேரம் வேறெந்த நாளிலும் கிடைக்காத பாடவேளை. காலையில் தொட்டி நிரம்பியிருக்கும்போதும் மாலையில் நீர்மட்டம் இறங்கிய பிறகும் ஒரே வேகத்தில்தான் ஒழுகுமா என்று ஒரு மாணவி கேட்டால், நீரழுத்தம் என்ற பாடமும் தானாக வந்து நிற்கும்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896இல் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகளிடம் பருத்தியையும் கம்பளி ரோமத்தையும் கொடுத்து, நூலாக்கும் வழியைத் தேடச் சொன்னார்கள். ஒரு குழு அரை மணி நேரம் உட்கார்ந்து கையாலேயே விதையிலிருந்து பஞ்சைப் பிரித்தது. கிடைத்தது ஓர் அவுன்சுக்கும் குறைவு. தங்கள் முன்னோர்கள் ஏன் பருத்தியை விட்டுக் கம்பளி உடுத்தினார்கள் என்பது அவர்களுக்கு அப்போது விளங்கியது. வரலாறு, இயந்திரம், உழைப்பு மூன்றும் அந்தச் சிறு பஞ்சு உருண்டைக்குள் இருந்தன. 1899இல் பெற்றோர் முன் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் டூயியே இதை விவரித்திருக்கிறார். அவர் வழிவந்த வில்லியம் கில்பாட்ரிக், 1918இல் எழுதிய கட்டுரையில் இதற்குச் செயல்திட்ட முறை என்ற பெயரில் கொள்கை வடிவம் கொடுத்தார். பிள்ளை மனமாரத் தன் நோக்கமாக ஏற்றுச் செய்யும் செயலே கல்வி என்று வாதிட்டார்.

கில்பாட்ரிக் வழியில் போனவர்கள் பலர் ஒரு பள்ளத்தில் விழுந்தார்கள். பிள்ளையின் விருப்பமே எல்லாம், ஆசிரியர் ஒதுங்கி நின்றால் போதும் என்று எண்ணிவிட்டார்கள். திட்டமிடும் பொறுப்பை ஆசிரியர் கைவிடக்கூடாது என்று டூயியே 1938இல் வற்புறுத்த வேண்டிவந்தது. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று ஆய்வாளர்கள், வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதிதாகக் கற்பவர்களுக்குப் பயன்படுவதில்லை என்று கடுமையாக எழுதினார்கள். அந்த விமர்சனத்தைத் தட்டிக்கழிக்கக்கூடாது என்பது என் கருத்து. புதிய பொருள், புதிய கருவி, புதிய கணக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தால் பிள்ளையின் மனம் திணறிப்போகும். வீட்டில் படிப்புச் சூழல் உள்ள பிள்ளை எப்படியோ சமாளித்துவிடும். இல்லாத பிள்ளை கடைசி வரிசையில் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும். ஆசிரியர் ஒதுங்கினால் முதலில் அடிபடுவது அந்தப் பிள்ளைதான். ஆகவே செயல்திட்ட வகுப்பில் ஆசிரியருக்கு வேலை கூடுகிறது. எந்த நாளில் எந்தக் கருத்தை நடத்துவது, எந்த இடத்தில் பிள்ளைகள் சிக்குவார்கள், எந்தக் குழுவுக்கு அட்டவணையைப் பாதி நிரப்பிக் கொடுப்பது என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

குழு வேலை பற்றி எல்லாரும் சொல்லும் புகார் உண்மையானதுதான்: ஒருவர் உழைக்கிறார், மூவர் பெயர் எழுதுகிறார்கள். இதற்கு எளிய வழி உண்டு. அறிக்கை குழுவுக்கு ஒன்று இருக்கட்டும், அளவுக் குறிப்பேடு ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். முடிவில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு, "இந்த எண் எப்படி வந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நாம் பெரிதும் அலட்சியம் செய்வது திருத்தி எழுதும் படியை. ரான் பெர்கர் என்ற அமெரிக்க ஆசிரியர் தம் உரைகளில் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் வண்ணத்துப்பூச்சியின் நிழற்படத்தைப் பார்த்து வரைகிறான். முதல் படம் எந்தக் குழந்தையும் வரைவது போன்றதுதான். நண்பர்கள் படத்தை உற்றுப் பார்த்து, முதலில் இறக்கையின் வடிவத்தை மட்டும் பற்றிக் கருத்துச் சொல்கிறார்கள்: இந்த முனை இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும், இந்தப் பக்கம் முக்கோணம்போல வர வேண்டும். வடிவம் சரியான பிறகுதான் இறக்கையின் மேலுள்ள கோலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அவன் திரும்பத் திரும்ப வரைகிறான். கடைசிப் படத்தைப் பார்ப்பவர்கள் அது ஆறு வயதுக் குழந்தை வரைந்தது என்று நம்பமாட்டார்கள். நம் வகுப்பில் அந்த முதல் படத்துக்கே "நன்று" போட்டு வாங்கி வைத்திருப்போம். அப்படிச் செய்யும்போது, இன்னும் நன்றாகச் செய்ய முடியும் என்று அறிந்துகொள்ளும் வாய்ப்பைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறோம். எனவே மதிப்பெண்ணில் ஒரு பகுதியை முதல் வரைவுக்கும் இறுதி வரைவுக்கும் இடையிலான முன்னேற்றத்துக்கு ஒதுக்குங்கள்.

பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது என்ற கவலை எனக்குப் புரிகிறது. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த வேண்டியதில்லை, நடத்தவும் முடியாது. இலக்கண விதியை நேரே சொல்லிக் கொடுப்பதே நல்லது. பின்லாந்தில் 2016 முதல் நடைமுறையில் உள்ள பாடத்திட்டம்கூட, பல பாடங்களை இணைக்கும் பகுதி ஆண்டுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. நாமும் பருவத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். கணக்கிலும் அறிவியலிலும் எப்படியும் நடத்தியாக வேண்டிய அலகுகளை அதற்குள் கொண்டுவந்துவிட்டால், தனியே நேரம் தேட வேண்டியிருக்காது.

தலைமையாசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். செயல்திட்டம் நடக்கும் வாரங்களில் தொடர்ந்து இரண்டு பாடவேளைகளை ஒன்றாகக் கொடுங்கள். நாற்பது நிமிடத்தில் சாடியைக் கழுவி வைக்கத்தான் நேரம் இருக்கும். இரண்டாவது, இதைவிட முக்கியமானது. ஒழுகும் குழாய்களின் பட்டியலோடு பிள்ளைகள் உங்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். அதற்கு ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். எந்தக் குழாயை எப்போது சரிசெய்வீர்கள் என்று எழுதுங்கள். பணம் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். அவர்கள் கணக்கில் தவறு இருந்தால் எந்த வரியில் என்று சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொண்டு மறுபடி வருவார்கள்.