கார் கதவின் உள்பக்கம்: கறையை எடுப்பதும் கெடுக்காமல் இருப்பதும்

நேயர்களுக்கு வணக்கம்.

காரை வாரம் தவறாமல் கழுவுகிறவர்கள்கூடக் கதவின் உள்பக்கத்தை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பட்டறைக்காரர்கள் டோர் பேட் என்று சொல்வார்களே, அந்தப் பலகையைத்தான் சொல்கிறேன். வியர்த்த முழங்கை, செருப்புக் கால், பிள்ளைகள் கையில் பேனா, மூடி சரியாக மூடாத சாம்பார்த் தூக்கு, எல்லாம் போய் இடிக்கிற இடம் அது. பல கார்களில் அது வெளிர் சந்தன நிறத்தில் வேறு இருக்கிறது.

அங்கே படிகிற கறையில் பெரும்பாலானது போகக்கூடியதுதான். எடுக்கிறேன் என்று இறங்கிச் செய்கிற சேதம்தான் போகாது. ஏனென்றால் டோர் பேட் ஒரே பொருளால் ஆனதல்ல. கீழே, காலடிப் பக்கம் இருப்பது கெட்டியான பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். கை வைக்கிற இடத்தில் ரெக்சின், அதற்கடியில் ஸ்பாஞ்ச். நடுவில் துணி ஒட்டியிருக்கலாம். கைப்பிடியைச் சுற்றி வெள்ளி நிறமோ பளபளக்கும் கருப்போ பூசிய பட்டை, அது பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்.

நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். கீழே உள்ள பாலிபுரோப்பிலீன் அதைத் தாங்கிக்கொள்ளும். ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியத்தில் அதே பஞ்சைக் கைப்பிடிப் பட்டையில் வைத்தால் பூச்சு குழைந்து, அடியில் உள்ள ஏபிஎஸ்ஸும் கரையும். பெட்ரோலும் தின்னரும் ரெக்சினுக்கு ஆகாது. அதை மிருதுவாக வைத்திருக்கிற எண்ணெய்ப்பசையை உறிஞ்சிவிடும். அன்றைக்குப் பளிச்சென்று தெரியும். நாளாக ஆக விறைத்து வெடிக்கும். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கிற வெள்ளைக் கட்டி, உண்மையில் மிக மெல்லிய உப்புத்தாள் மாதிரிதான். அழுத்தித் தேய்த்தால் கறையோடு பிளாஸ்டிக்கின் சொரசொரப்பும் போய், அந்த இடம் மட்டும் வழவழவென்று மினுங்கும். அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆகவே எதைப் பூசுவதாக இருந்தாலும், கதவை மூடினால் மறைகிற ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பூசி ஐந்து நிமிடம் பாருங்கள். வெள்ளைத் துணியில் பேடின் நிறமே ஒட்டி வந்தால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முதலில் சாதாரணக் கழுவல். வண்டி நிழலில், பேட் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தேய்ப்பதற்குள் காய்ந்து திட்டாகிவிடும். தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி வேக்குவத்தால் இழுத்துவிடுங்கள். செம்மண் படிந்திருந்தால் இது மிக முக்கியம். நனைத்தால் சேறாகிப் பிளாஸ்டிக்கின் வரிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து மில்லி, பாத்திரம் துலக்கும் திரவம். அதற்கு மேல் வேண்டாம். மிஞ்சுகிற சோப்பு பிசுபிசுத்து மறுநாளே தூசியைப் பிடித்துக்கொள்ளும். மிருதுவான பல்துலக்கும் பிரஷ்ஷை அதில் தோய்த்து, உதறி, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகத் தேய்த்து, நுரை காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து எடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊரில் கடைசித் துடைப்புக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்ச் பக்கமும் ஸ்பீக்கர் வலைப் பக்கமும் நேராகத் தெளிக்கவே கூடாது. துணியில் தெளித்து, அந்தத் துணியால் துடையுங்கள்.

கை வைக்கிற இடத்துக் கருப்பு, வியர்வையும் எண்ணெயும் தூசியும் சேர்ந்த அழுக்கு. இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தாலே போய்விடும். செருப்பின் கருப்புக் கோடு, பிளாஸ்டிக்கில் ஒட்டிய ரப்பர்தான். பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் உதிரும். தேய்த்த பிறகும் வெளுப்பாகத் தெரிந்தால் அது கறையல்ல, கீறல். ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, உருட்டி எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைக்கலாம்.

பேனா மைதான் சோதனை. பால்பாயிண்ட் மை தண்ணீருக்கு அசையாது, ஆல்கஹாலில் கரையும். மருந்துக் கடையில் கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும். காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, கோட்டின் மேல் உருட்டுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் ஒரு கோடு ஒரு நீலத் திட்டாகிவிடும். ஒரு முறை உருட்டியதும் பஞ்சு நீலமாகியிருக்கும், அடுத்த உருட்டலுக்குப் புதுக் குச்சி. ஒரு கோட்டுக்குப் பத்துக் குச்சி ஆனாலும் ஆகட்டும். ரெக்சினில் மை நாளாக நாளாக உள்ளே இறங்கும். அன்றே பார்த்தால் முழுதும் போகும், ஒரு மாதமானால் மங்கலாக்கத்தான் முடியும். கைச் சுத்தத்துக்கு வைத்திருக்கும் சானிட்டைசரிலும் ஆல்கஹால் இருக்கிறது, ஆனால் அதன் ஜெல் வரிகளில் தங்கிவிடும். பூச்சு பூசிய பட்டையில் ஸ்பிரிட் படவே வேண்டாம். ஜெல் பேனா என்றால் முதலில் சோப்புத் தண்ணீரையே முயன்று பாருங்கள்.

அடுத்து மஞ்சளும் குங்குமமும். ஆயுத பூஜை முடிந்த வாரம் இந்தக் கேள்விதான் அதிகம் வரும். குங்குமம் கொட்டினால் உடனே ஈரத்துணியை எடுக்காதீர்கள். கடைக் குங்குமத்தில் சாயம் கலந்திருந்தால், ஈரம் பட்டதும் அது பரவும். வேக்குவத்தின் வாயை பேடில் படாமல் ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்து இழுங்கள், மிச்சத்தை செல்லோ டேப்பால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

சாம்பார்க் கறை துணிப் பகுதியில் விழுந்தால் முதலில் ஸ்பூனால் வழித்துவிடுங்கள். மஞ்சளில் உள்ள குர்க்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கிற வரைக்கும், கறையின் வெளி ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றிக்கொண்டே வாருங்கள். பிறகு எண்ணெய்க்குச் சோப்பு. அப்போது மிச்சமிருக்கிற மஞ்சள் செக்கச்செவேலென்று ஆகலாம்; பயப்பட வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதே சங்கதி. சோப்பின் காரம் அந்த வேலையைச் செய்கிறது. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றினால் சிவப்பு மஞ்சளுக்குத் திரும்பும். அந்த லேசான மஞ்சளை வெயிலிடம் விட்டுவிடலாம். கதவைத் திறந்து வைத்து, கறையில் வெயில் நேராக விழும்படி இரண்டு மூன்று முற்பகல் நிறுத்துங்கள். குர்க்குமின் வெளிச்சத்தில் வெளுக்கும். மஞ்சள் பட்ட வேட்டியை வெயிலில் காயப்போடுகிற வீட்டில் இதைச் சொல்லத் தேவையில்லை.

துணிப் பகுதியை ஒருபோதும் ஊற வைக்காதீர்கள். அது பசையில் ஒட்டியிருக்கிறது. தண்ணீரும் நீராவியும் அதிகமானால் உப்பிக்கொண்டு வரும். இன்னொன்று, அடி ஸ்பாஞ்சில் இறங்கிய அழுக்கு காயும்போது ஈரத்தோடு மேலேறி, மறுநாள் பழுப்பு வளையமாகத் தெரியும். போன கறை திரும்பி வந்தது என்பார்கள்; போகவே இல்லை என்பதுதான் நிஜம். உலர்ந்த துண்டை மடித்து அரை நிமிடம் அழுத்திப் பிடித்து ஈரத்தை உறிஞ்ச விடுங்கள், துண்டு நனையாமல் வருகிற வரைக்கும்.

சில கார்களில் தொட்டால் மெத்தென்று இருக்கும்படி ரப்பர் மாதிரிப் பூச்சு அடித்திருப்பார்கள். வருடங்கள் போனால் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அது பிசுபிசுக்கும். அது அழுக்கல்ல, பூச்சே சிதைகிறது. தேய்த்தால் உரிந்து வரும். பிசுபிசுப்பு போக்கக் கறை நீக்கி தேடி அலைய வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் கதவைத் திறந்தபடி இரண்டு மணி நேரம் காய விடுங்கள். அதற்கு முன்னால் கூரை விளக்கின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கதவு திறந்திருந்தால் பல வண்டிகளில் அது எரிந்துகொண்டே இருக்கும், பழைய பேட்டரி என்றால் சாயங்காலம் வண்டி ஸ்டார்ட் ஆகாது.