நிலத்தின் ஊடல்

அவையோருக்கு வணக்கம். பூமியை உயிருள்ளதாகவும், மலைக்கும் ஆற்றுக்கும் மரத்துக்கும் தனித்தனித் தெய்வங்கள் இருப்பதாகவும் கொண்டு எழுதப்படும் மிகுபுனைவுக் கதைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கொங்கு நாட்டில் இதைப் பேசக் காரணம் உண்டு. நிலத்தை ஆயிரம் அடிக்குத் துளைத்துப் பழகியவர்கள் நாம். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் பல மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கின்றன.

ஆர்தர் கோனான் டாயில் 1928-இல் வெளியிட்ட ஒரு கதையில், பூமி ஒரு பெரும் உயிர் என்று நம்பும் பேராசிரியர், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் எட்டு மைல் ஆழத்துக்குக் குழி தோண்டி அதன் தசையில் கூர்முனையை இறக்குகிறார், பூமி அலறுகிறது. மனிதன் என்று ஒருவன் இருப்பதைப் பூமிக்குத் தெரியப்படுத்துவதே அவருடைய நோக்கம். அந்தப் பூமிக்கு நம்மைத் தெரியாது. பின்னால் வந்த எத்தனையோ கதைகளில் பூமிக்கு நம்மைத் தெரிகிறது, ஆனால் தெரிந்த மறுகணமே அது பழிவாங்கப் புறப்பட்டுவிடுகிறது. பூமி ஓர் உயிர்போல இயங்குகிறது என்று அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக் 1970களில் முன்வைத்த கருதுகோளுக்குக் கிரேக்க நிலத்தெய்வமான காயாவின் பெயரைப் பரிந்துரைத்தவர் நாவலாசிரியர் வில்லியம் கோல்டிங். அறிவியல், ஒரு புனைவெழுத்தாளரிடம் பெயர் வாங்கிய அரிய நிகழ்ச்சி அது. எனினும், அந்தக் கருதுகோளின் பூமி உயிர்களின் துணையோடு தன் வெப்பத்தையும் காற்றையும் சீராக வைத்துக்கொள்கிறதே தவிர, அதற்கு அன்பும் இல்லை, சினமும் இல்லை.

நம்மிடம் வேறொரு பூமி இருக்கிறது. உரியவன் போய்ப் பாராமல் வீட்டிலேயே இருந்துவிட்டால் நிலம் மனைவியைப் போலப் புலந்து ஊடிவிடும் என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளிலேயே, ஒன்றுமில்லை என்று சோம்பிக் கிடப்பவனைப் பார்த்து அந்த நிலமகள் சிரிக்கிறாள். தன்னை அகழ்பவனைத் தாங்குபவளும் அவளே. உறவு முறியாத இடத்தில்தான் ஊடல் நிகழும். பழிவாங்கும் பூமியிடமிருந்து தப்பி ஓட மட்டுமே முடியும். ஊடிய நிலத்திடம் போய் நிற்கலாம், மன்றாடலாம், அவள் கேட்பதைக் கொடுக்க மனமில்லாமல் திரும்பியும் வரலாம். நம் மிகுபுனைவு இந்தப் பூமியை எழுத வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதற்கான பொருள் நம் கண்முன்னே கிடக்கிறது. நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு காட்டில் மெல்ல நடக்கிறார். அது எழுந்து நிற்பதாகச் சொல்லும் இடத்தில் குறி போடுகிறார்கள். கற்பூரம் கொளுத்திய பின் ரிக் இறங்குகிறது. செம்மண் வருகிறது, சுக்காங்கல் வருகிறது, பிறகு பாறைத்தூள் புகையாய்க் கிளம்புகிறது. அதை அள்ளி, ஈரம் தட்டுகிறதா என்று விடியவிடியக் கசக்கிப் பார்த்தபடி நிற்கிறார் தோட்டக்காரர். நம் அடிநிலம் கடும்பாறை. ஆழத்து நீர் அதன் விரிசல்களில்தான் தங்குகிறது. ஆகவே ஒரு துளையில் தண்ணீர் பீறிட, கூப்பிடு தூரத்தில் போட்ட இன்னொன்றில் வெறும் புழுதி பறக்கலாம். விரிசல்களில் குடியிருந்து தன் வழியை யாருக்கும் காட்டாத ஒரு தெய்வத்துக்கு இதைவிடப் பொருத்தமான வீடு எது?

அந்தத் தெய்வத்துக்கு எல்லை வகுப்பது அவசியம். உலகுக்கெல்லாம் ஒரே பூமித்தாய் என்று எழுதினால் கதை நீர்த்துப்போகும். ஆனைமலை மாசாணியம்மன் தரையில் படுத்த கோலத்தில் இருக்கிறாள். முறையிட வருபவர்கள் மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள். நீர்க்கரைகளில் கன்னிமார் ஏழு கற்களாக நிற்கிறார்கள். அந்தந்த இடம், அந்தந்த முறை.

நொய்யலை எண்ணிப் பாருங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் ஆறு. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இதை எழுதுபவர் ஆற்றைப் பொங்கவைத்து ஊரை அழிக்கத் தேவையில்லை. கரையில் நோன்பு சாட்டியிருக்கிறார்கள், விடியும்வரை உடுக்கடித்துப் பாடுகிறார்கள், ஒருவர் மேலும் அருள் இறங்கவில்லை. கன்னிமார் வரவில்லை. ஏன் வரவில்லை, யார் போய் அழைப்பது, என்ன கொடுத்தால் வருவார்கள் என்பதற்கே ஒரு நாவல் வேண்டும்.

ஒன்றை மட்டும் எழுத வருபவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ரிக் ஓட்டுபவரையும் சாயப்பட்டறைத் தொழிலாளியையும் அரக்கர்களாக்கிவிடாதீர்கள். கன்னிமாரை அழைக்கப் போகிறவர் அவர்களில் ஒருவராகவே இருக்கட்டும். பாறை எந்த ஆழத்தில் என்ன ஒலி எழுப்பும் என்று அறிந்தவர் அவர்தான்.