உப்புக் கப்பலுக்காகக் காத்திருந்த திருத்தந்தை

வணக்கம். 653ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், ரோம் நகரின் லாத்தரன் பேராலயத்தில் பைசாந்தியப் பேரரசரின் ஆணையோடு வந்தவர்கள் திருத்தந்தை முதலாம் மார்ட்டினைக் கைது செய்தபோது, அவர் பலிபீடத்துக்கு முன்னே கட்டிலில் நோயோடு படுத்திருந்தார். இன்று அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இத்தாலியின் தோடி நகரைச் சேர்ந்த மார்ட்டின், பதவிக்கு வருமுன் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில் திருத்தந்தையின் தூதராக இருந்தவர். எனவே அரசவையின் போக்கு அவருக்குப் புதிதல்ல. கிறிஸ்துவுக்கு இறைச்சித்தம், மனிதச்சித்தம் என இரண்டு உண்டா, ஒன்றுதானா என்ற விவாதம் பேரரசைப் பிளந்துகொண்டிருந்த காலம் அது. இதைப் பற்றி இனி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று 648இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் ஆணையிட்டார். மார்ட்டினோ பேரரசரின் ஒப்புதலுக்குக் காத்திராமலே 649 ஜூலையில் பொறுப்பேற்று, அக்டோபரில் 105 ஆயர்களை லாத்தரனில் கூட்டி, ஒரே சித்தம் என்ற கொள்கையையும் அந்த ஆணையையும் சேர்த்தே கண்டனம் செய்தார்.

அவரைப் பிடிக்க முதலில் அனுப்பப்பட்ட இத்தாலிக்கான ஆளுநர் ஒலிம்பியுஸ், பேரரசருக்கே எதிராகத் திரும்பி, பிறகு சிசிலியில் இறந்துபோனார். அடுத்து ஆளுநராக வந்த கலியோப்பாஸ்தான் காரியத்தை முடித்தவர்.

கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கொண்டுசென்று நடத்திய விசாரணையில் நிற்கவும் முடியாத மார்ட்டினை இருவர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவர் சமயக் கொள்கையைப் பேசத் தொடங்கியதும், இங்கே விசுவாசத்தைப் பற்றிப் பேச வேண்டாம், அரசத் துரோகமே வழக்கு என்று தடுத்துவிட்டார்கள். ஒலிம்பியுஸை ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்டதற்கு, அவரை ஆளுநராக்கியது நானா என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பின்னர் மேலாடையைக் கிழித்து, சங்கிலி பூட்டி, நகரத் தெருக்களில் இழுத்துச் சென்றார்கள். மரணப்படுக்கையில் இருந்த அந்நகரின் மறைமுதல்வர் (தலைமை ஆயர்) பவுல் மனம் நொந்து வேண்டியதால், மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைந்தது.

வரைபடத்தில் கருங்கடலின் வடகரையைப் பாருங்கள். கிரிமியாவின் கெர்சோன் அங்கேதான் இருந்தது. 655 மே மாதம் அங்கே சேர்ந்த மார்ட்டின் எழுதிய கடிதங்களில் இறையியலைவிடப் பசிதான் முன்னால் நிற்கிறது. ரொட்டி என்ற பேச்சைக் கேட்கிறோமே தவிர ரொட்டியைக் கண்ணால் பார்ப்பதில்லை என்றும், உப்பு ஏற்ற வரும் சிறு கப்பல்களிடம்தான் கொஞ்சம் தானியம் வாங்க முடிகிறது என்றும் எழுதுகிறார். அதைவிட அவரைச் சுட்டது ரோமின் மௌனம். அவர் உயிரோடு இருக்கும்போதே, 654இல், அங்கே முதலாம் யூஜினைத் திருத்தந்தையாக்கிவிட்டார்கள். தானியமோ எண்ணெயோ அனுப்ப ஒருவரும் இல்லை. நண்பர்கள் இப்படி மறந்துவிட்டார்களே என்று வியப்பவர், அதே கடிதத்தில் ரோம் திருச்சபைக்காகவும் அதை இப்போது மேய்ப்பவருக்காகவும் மன்றாடுகிறார். பேரரசரை எதிர்த்து நின்ற துணிச்சலைவிட இந்த வரியை எழுதுவதுதான் அவருக்குக் கடினமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

655 செப்டம்பர் 16இல் அவர் அங்கேயே இறந்தார். கான்ஸ்டன்ஸ் 668இல் சைரக்யூஸில் குளித்துக்கொண்டிருந்தபோது கொலையுண்டார். 680–681இல் கான்ஸ்டாண்டிநோபிளிலேயே கூடிய திருச்சபையின் பொதுச்சங்கம் இரண்டு சித்தங்கள் என்ற மார்ட்டினின் நிலைப்பாட்டையே ஏற்றது; அச்சங்கத்தால் கண்டனம் செய்யப்பட்டவர்களின் பட்டியலிலும் ஒரு திருத்தந்தை இருந்தார், அவர் மார்ட்டினுக்கு முன் ஆண்ட முதலாம் ஹொனோரியுஸ்.