ஜெராக்ஸ் கடையில் தொடங்கும் காப்பிரைட்: மாணவர்களுக்கு ஓர் அறிமுகம்

[காட்சி: கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை. கண்ணாடியில் "பிராஜெக்ட் பைண்டிங் செய்து தரப்படும்" என்ற ஸ்டிக்கர். மெஷினின் பச்சை வெளிச்சம் ஓடி ஓடித் திரும்புகிறது.]

தேர்வுக்கு முந்தைய வாரம் இந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. ஒருவர் கையில் சீனியர் கொடுத்த நோட்டு. இன்னொருவர் கையில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த தடிப் புத்தகம், நடுநடுவே மூன்று இடங்களில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருக்கிறார். "அண்ணே, இதுலேர்ந்து இதுவரைக்கும். ரெண்டு பக்கமும் போட்டுருங்க."

அந்தப் புத்தகத்தின் முதல் தாளைத் திருப்பினால், பதிப்பாளரின் முன் அனுமதி இல்லாமல் எந்தப் பகுதியையும் எந்த வடிவிலும் நகலெடுக்கக் கூடாது என்று இருக்கும். கடைக்கார அண்ணன் அதைப் படித்ததே இல்லை. நாமும்தான். அப்படியானால் இந்தக் கடையில் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் திருடர்களா?

இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போயிருக்கிறது.

[காட்சி: டெல்லி பல்கலைக்கழக வளாகத்தின் வரைபடம். ஒரு சின்னக் கடையின் மேல் வட்டம்.]

2012 ஆகஸ்ட். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துக்குள் ராமேஷ்வரி என்ற ஜெராக்ஸ் கடை. பேராசிரியர்கள் பாடத்திட்டத்தில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள்: இந்தப் புத்தகத்தில் இரண்டாம் அத்தியாயம், அந்தப் புத்தகத்தில் ஐம்பது பக்கம் என்று. கடைக்காரர் அவற்றை எல்லாம் நகலெடுத்து ஒரே கட்டாகக் கட்டி விற்பார். ஒவ்வொரு புத்தகத்தையும் விலைக்கு வாங்குவது மாணவர்களால் முடிகிற காரியம் இல்லை.

ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பெரிய பதிப்பகங்கள் இந்தக் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. வழக்கு நடந்தபோது கடைக்கு இடைக்காலத் தடையும் வந்தது. மாணவர்கள் சும்மா இருக்கவில்லை, தங்களையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உள்ளே வந்தார்கள். வழக்கை விட்டுவிடுங்கள் என்று பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டவர்களில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னும் ஒருவர்.

2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. தான் சட்டம் படித்த காலத்தை நினைவுபடுத்துகிறார். அப்போது ஜெராக்ஸ் எடுக்க நேரமும் ஆகும், காசும் ஆகும். அதனால் மாணவர்கள் முறை வைத்து நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுப்பார்களாம். கஷ்டப்பட்டுச் செய்தபோது குற்றமாக இல்லாத ஒன்று, மெஷின் வந்து சுலபமானதால் மட்டும் எப்படிக் குற்றமாகும் என்று கேட்கிறார்.

அதே ஆண்டு டிசம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, சில விஷயங்களை விசாரணை நடத்தித்தான் தீர்க்க வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஆனால் பாடம் நடத்துவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு எடுக்கலாம் என்ற அடிப்படையை அது அசைக்கவில்லை. 2017இல் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன.

[காட்சி: "1957, பிரிவு 52" என்ற எழுத்து.]

இந்தத் தீர்ப்புக்கு அடித்தளம், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமை, அதாவது காப்பிரைட், சட்டத்தில் இருக்கும் 52ஆவது பிரிவு. எதெல்லாம் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று அது ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. ஆசிரியரோ மாணவரோ பாடம் நடக்கும்போது நகலெடுப்பது, கேள்வித்தாளில் ஒரு பத்தியைக் கொடுப்பது, சொந்த ஆராய்ச்சிக்கு நியாயமான அளவில் எடுத்துக்கொள்வது, விமர்சனம் எழுத மேற்கோள் காட்டுவது, பார்வையற்றவர்கள் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவது. புத்தகத்தின் முதல் தாளில் என்ன மிரட்டல் அச்சாகியிருந்தாலும் சரி, சட்டம் திறந்துவைத்த கதவை அதனால் பூட்ட முடியாது.

சரி, உடனே கிளம்பிவிடாதீர்கள். நேற்று வந்த நாவலை முழுசாக ஸ்கேன் செய்து டெலிகிராம் குரூப்பில் போடுவதற்கு இந்தத் தீர்ப்பு உதவாது. பாடத்துக்காக எடுத்ததா, தேவையான அளவுதானா என்ற இரண்டு கேள்விக்கும் அங்கே பதில் இல்லை.

ஒரு சின்ன இடைச்செருகல். தமிழில் காப்பிரைட்டையும் காப்புரிமை என்கிறோம், பேட்டன்ட்டையும் காப்புரிமை என்கிறோம். பேப்பர்காரர்களே குழப்புகிறார்கள். இந்த வீடியோவில் காப்பிரைட் என்றால் பதிப்புரிமை, புதுக் கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் பேட்டன்ட் என்றால் காப்புரிமை. எல்லாவற்றுக்கும் சேர்த்த குடும்பப் பெயர் அறிவுசார் சொத்துரிமை. இன்னொன்று, ஜெராக்ஸ் என்பதே ஒரு கம்பெனியின் வணிகச் சின்னம். நாம் அதைப் பொதுப்பெயராக்கி முழுங்கிவிட்டோம்.

[காட்சி: இரண்டு மாணவர்களின் கட்டுரைத் தாள்கள் அருகருகே.]

பதிப்புரிமை எதற்குக் கிடைக்கும்? யோசனைக்கு இல்லை. அதைச் சொன்ன விதத்துக்குத்தான். "மழைக்காலத்தில் எங்கள் தெரு" என்ற தலைப்பில் நாற்பது பேர் எழுதலாம். தலைப்பு யாருக்கும் சொந்தமில்லை, நாற்பது கட்டுரைகளுக்கும் நாற்பது சொந்தக்காரர்கள். ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடகக்காரர் தன் நாடகத்தைத் திருடி ஓர் இந்திப் படம் எடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். 1978இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கருவோ, கதைப் பொருளோ, வரலாற்றுச் செய்தியோ யாருடைய தனிச் சொத்தும் இல்லை. ஒரே கருவிலிருந்து கிளம்பினாலும் சொன்ன முறை வேறாக இருந்தால் நகல் ஆகாது என்றது. கோடம்பாக்கத்தில் வாராவாரம் கிளம்பும் "என் கதையைத் திருடிவிட்டார்கள்" புகார்களைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சேதி, பதிவு செய்தால்தான் உரிமை என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. எழுதி முடித்த நிமிடமே உரிமை உங்களுடையது. போனில் எடுத்த போட்டோவுக்கும் அப்படித்தான். பதிவு இருந்தால் தகராறு வரும்போது நிரூபிக்க வசதி.

[காட்சி: பென்சிலால் வரைந்த இதயத்தின் படம். ஒரு பெயர்க் குறிப்பின் மேல் சிவப்பு வட்டம்.]

கல்லூரியில் படிக்கும்போது நான் உயிரியல் நோட்டில் இதயத்தின் படம் வரைந்தேன். இரவு பன்னிரண்டு மணி, தூக்கக் கலக்கம். இடது வெண்ட்ரிக்கிள் என்று எழுத வேண்டிய இடத்தில் "வெண்டிரிக்காய்" என்று எழுதிவைத்திருந்தேன். அடுத்த வருடம் ஒரு டியூஷன் சென்டர் விற்ற கைடை ஜூனியர் ஒருத்தி கொண்டுவந்து காட்டினாள். அதே இதயம். அதே கோணல். வெண்டிரிக்காயும் அப்படியே! யார் நோட்டைக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. போய்க் கேட்டபோது, "இதயம் எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா" என்றார்கள்.

இதயம் ஒன்றுதான். ஆனால் அந்தப் படம் என்னுடையது. நகலெடுத்ததைக் காட்டிக்கொடுக்கும் முதல் சாட்சியே தப்புதான், ஏனென்றால் சரியானதை இரண்டு பேர் தனித்தனியாக எழுதலாம், வெண்டிரிக்காயை எழுத முடியாது. அன்றைக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரிந்திருந்தால் கொஞ்சம் சத்தம் போட்டிருப்பேன்.

[காட்சி: பழைய கிராமபோன் இசைத்தட்டு சுழல்கிறது.]

எவ்வளவு காலம் இந்த உரிமை? இந்தியாவில் எழுதியவர் இருக்கும்வரையும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும். முன்பு 50 ஆக இருந்தது. தாகூர் 1941இல் இறந்தார், 1991 முடிவில் அவர் எழுத்துகள் பொதுவுக்கு வந்துவிடும் என்ற நிலையில்தான் பத்து வருடம் கூட்டினார்கள்.

நம் ஊரில் இதைவிடச் சுவையான கதை இருக்கிறது. பாரதி 1921இல் இறந்தார். பிறகு அவர் பாடல்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை கைமாறி, ஏ.வி.எம். ஸ்டூடியோ நிறுவனர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1948இல் நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் படத்தில் ஒரு பாரதி பாடலைச் சேர்க்க, செட்டியார் தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தது. பாரதியைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். 1949இல் அரசே உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் தன் பங்கைக் காசு வாங்காமல் கொடுத்தார். 1955இல் பாரதி எழுத்து மக்களுக்கே என்று ஆனது. நாட்டுடைமை என்று நாம் சொல்லும் வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி அதுதான். இப்போது தமிழக அரசு எழுத்தாளரின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து, 60 வருடம் காத்திருக்காமல் எழுத்தைப் பொதுவாக்குகிறது. கல்கியின் நாவல்களை ஆளுக்கொரு பதிப்பகம் ஆளுக்கொரு விலையில் போடுவதும் அதனால்தான்.

இதில் ஒரு பொறி உண்டு. பாரதியின் வரிகள் பொது. ஆனால் அந்த வரிகளுக்கு ஓர் இசையமைப்பாளர் போட்ட மெட்டு பொதுவல்ல, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவும் பொதுவல்ல. பள்ளி ஆண்டுவிழாவில் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் முன்னால் அந்தப் பாட்டைப் போட்டு ஆடுங்கள், சட்டம் அதற்கு இடம் தருகிறது. அதையே யாராவது மாமா போனில் எடுத்து யூடியூபில் ஏற்றினால், கொஞ்ச நேரத்தில் மியூசிக் கம்பெனியிடமிருந்து கிளெய்ம் வந்து நிற்கும். "கிரெடிட் கொடுத்தேனே" என்பார் மாமா. பெயர் போடுவது மரியாதை, அனுமதி வேறு.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. பாரதி கவிதையை உங்கள் பெயரில் கல்லூரி மலரில் போட்டால் பதிப்புரிமைக்காரர் யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் அது கருத்துத் திருட்டு, கல்லூரியில் மாட்டுவீர்கள். 2018ஆம் ஆண்டின் யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளில் ஆய்வேடு மற்றவர் எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போனால் என்ன தண்டனை என்றே இருக்கிறது.

[காட்சி: ஒரு கடலை மிட்டாய் பாக்கெட், மெதுவாகச் சுழல்கிறது.]

அறிவுசார் சொத்துரிமைக் குடும்பத்தின் மற்ற ஆட்களைப் பார்க்க ஒரு பாக்கெட் கோவில்பட்டி கடலை மிட்டாய் போதும். பாக்கெட்டின் மேல் இருக்கும் கடைப் பெயரும் முத்திரையும் டிரேட்மார்க், அதாவது வணிகச் சின்னம். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போனால் அதற்கு முடிவே இல்லை. "கோவில்பட்டி" என்று சொல்லி விற்பது புவிசார் குறியீடு, 2020இல் கிடைத்தது. அது ஒரு கடைக்குச் சொந்தமில்லை, அந்த வட்டாரத்துக்கே சொந்தம். இந்தப் பதிவு நடக்கும் அலுவலகம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான், அது சென்னை கிண்டியில் இருக்கிறது. யாராவது பாகு கம்பிப் பதத்தை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும் புது மெஷின் கண்டுபிடித்தால் அதற்கு 20 வருடக் காப்புரிமை கேட்கலாம். உறையில் இருக்கும் ஓவியத்துக்கு, மறுபடியும், பதிப்புரிமை. கடலையும் வெல்லமும் யாருக்கும் சொந்தமில்லை, வீட்டில் கிளறிக்கொள்ளலாம்.

[காட்சி: ஒரு போட்டி விண்ணப்பம். அடியில் பொடி எழுத்துகள்.]

கடைசியாக, நீங்கள் கையெழுத்துப் போடும் இடம். கட்டுரை, ஓவியம், குறும்படம் என்று எந்தப் போட்டியாக இருந்தாலும் விண்ணப்பத்தின் அடியில் "அனைத்து உரிமைகளும் அமைப்பாளர்களுக்கே" என்று பொடி எழுத்தில் ஒரு வரி ஒளிந்திருக்கும். பரிசு ஒருவருக்கு, உரிமை போவது எல்லோரிடமிருந்தும். எத்தனை வருடத்துக்கு, எந்த நாட்டுக்கு என்று எழுதச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் ஐந்து வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமையைக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு போதாது.

இந்த வீடியோவின் பின்னணியில் ஓடும் கீபோர்டு இசை என் தம்பி வாசித்தது. கேட்டேன், "எடுத்துக்கோ அக்கா" என்றான். ஸ்கிரிப்ட்டை அவனும் இப்போதுதான் படித்து முடித்திருக்கிறான். கையில் ஒரு வெள்ளைத் தாளோடு கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறான், மேலே "ஒப்பந்தம்" என்று எழுதி, கீழே தொகை போட இடம் விட்டு.